மூச்சடக்கி ஓடிய வீரர்: திருகோணமலையில் ஒரு பயிற்சியும் ஒரு விபத்தும்

பின்னணி

திருகோணமலையில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பகலில் உடற்கல்வி ஆசிரியர், மாலையில் பயிற்றுநர். இங்கே சொல்லப்போவது எங்கள் கழகத்தில் இடது ஓரத்தில் விளையாடும் 20 வயது வீரர் ஒருவரைப் பற்றியது. அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அவர் வேகமானவர். முதல் பாதியில் எதிரணியின் பின்கள ஆட்டக்காரர் எவரும் அவரைப் பிடிக்க முடியாது. 60ஆவது நிமிடம் தாண்டியதும் கதை மாறிவிடும். பந்து வரும், ஓடத் தொடங்குவார், பாதியில் விட்டுவிடுவார். மைதான ஓரத்தில் நிற்பவர்கள் அதைச் சோம்பல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடிவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பவரின் முகத்தைப் பார்த்தால் சோம்பலா களைப்பா என்று தெரியும்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லவேண்டும். பின்னால் அதுதான் பெரிதாக வந்தது. அவருடைய தகப்பன் சிங்கி இறாலுக்குச் சுழியோடுபவர். சிறுவயதிலிருந்தே தகப்பனோடு கடலுக்குப் போனதால் இவருக்கும் மூச்சடக்குவது கைவந்த கலை. கழகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். பையன்கள் அவரை மீன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மே மாதக் கடைசியில் ஒருநாள், “சேர், ஒட்சிசன் குறைச்சு ஓடினா ஸ்டெமினா கூடுமாம், செய்து பாப்பமா?” என்று கேட்டார். கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறார். கறுப்பு நிறத்தில் ஒரு பயிற்சி முகமூடியையும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

முதல் அளவீடு

எதையும் தொடங்குமுன் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க நினைத்தேன். 40 மீற்றர் முழுவேகத்தில் ஓடவேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை அடுத்த ஓட்டம் தொடங்கும். வேகம் அவருடைய உச்ச வேகத்தின் 85 வீதத்துக்குக் கீழே போனதும் சோதனை முடிந்துவிடும். அவருடைய சிறந்த நேரம் 5.4 விநாடி. ஆகவே 6.4 விநாடியைத் தொட்டால் நிறுத்தம். அவர் 8 ஓட்டங்கள் ஓடினார். அதே நிலையில் விளையாடும் இன்னொரு வீரரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துக்கொண்டேன். அவர் 9 ஓடினார். கையால் அமுக்கும் நிறுத்தற் கடிகாரம் என்பதால் ஒன்றிரண்டு பத்திலொரு விநாடி பிழை இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

அதே வாரத்தில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வறண்டு சூடேறி வரும் காற்று அது. 62 கிலோவாக வந்தவர் ஒன்றரை மணிநேரத்தில் 60.6 ஆகிவிட்டார். உடல் எடையில் 2 வீதத்துக்கு மேல் வியர்வையாகப் போயிருக்கிறது. குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு மறந்துவிட்டேன். மனம் முழுக்க ஒட்சிசனில் இருந்தது.

எந்த வழி?

ஒட்சிசன் குறைந்த நிலையில் வேக ஓட்டங்களை மீண்டும் மீண்டும் ஓடுவதற்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஒரு 5 விநாடி ஓட்டத்துக்குத் தசைக்கு உடனடியாக ஒட்சிசன் பெரிதாகத் தேவையில்லை. தசையில் சேமித்திருக்கும் கிரியேற்றின் பொஸ்பேற்று அந்த வேலையைப் பார்த்துவிடும். ஆனால் அடுத்த ஓட்டத்துக்குள் அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்ப ஒட்சிசன் வேண்டும். ஆகவே ஒட்சிசன் குறைந்தால் முதல் ஓட்டம் பெரும்பாலும் பாதிக்கப்படாது. ஐந்தாவதும் ஆறாவதும்தான் அடிவாங்கும். அந்த நெருக்கடியில் வேகமாகச் சுருங்கும் தசை இழைகளுக்குக் குருதி கூடுதலாகப் பாயப் பழகிக்கொள்ளும் என்பதுதான் எண்ணம். மலையில் மாதக்கணக்கில் தங்கிக் குருதியில் செங்கலங்களைக் கூட்டும் பழைய முறை வேறு, இது வேறு.

2013இல் வெளிவந்த, சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. பயிற்சிபெற்ற 40 பேர் சைக்கிளில் 10 விநாடி முழுவேகம், 20 விநாடி ஓய்வு என்று 4 வாரங்களில் 8 அமர்வுகள் செய்தார்கள். 3,000 மீற்றர் உயரத்துக்குச் சமமான காற்றைச் சுவாசித்தவர்கள் களைத்து நிற்கும்வரை செய்யக்கூடிய வேகச்சுற்றுகள் சராசரியாக 9 அளவிலிருந்து 13க்கு உயர்ந்தன. சாதாரணக் காற்றில் அதையே செய்தவர்களுக்கு ஏறவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள், பயன் உண்டு, ஆனால் சிறியது என்கிறார்கள்.

சரி, திருகோணமலையில் 3,000 மீற்றருக்கு எங்கே போவது? கோணேசர் கோயில் நிற்கும் பாறைதான் எங்களுக்கு மலை. இலங்கையிலேயே மிக உயர்ந்த பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். நுவரெலியா 1,868. அங்கேயும் காற்றில் ஒட்சிசனின் பங்கு இங்கே உள்ள அதே 21 வீதந்தான். வளியமுக்கம்தான் குறைவு, ஏறக்குறைய ஐந்தில் நான்கு. கடல்மட்டத்தில் 17 வீதத்துக்குச் சற்றுக் குறைவான ஒட்சிசனைச் சுவாசிப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். லோசான் ஆய்வில் பயன்படுத்தியது 14.5 வீதம் அளவு. ஒருநாள் முழுக்கப் பேருந்தில் ஏறி இறங்கி, அந்த அளவுகூடக் கிடைக்காத இடத்தில் வாரம் இரண்டுமுறை ஓடுவது நடக்கிற காரியமில்லை. ஒட்சிசனைக் குறைத்துத் தரும் அறையோ இயந்திரமோ எங்கள் கைக்கு எட்டாது.

மிஞ்சியவை இரண்டு. அவர் வாங்கிய முகமூடி, இல்லாவிட்டால் மூச்சை வெளியே விட்டு அடக்கிக்கொண்டு ஓடும் முறை.

முகமூடியோடு ஒரு மாலை

முகமூடியின் கதை ஒரே மாலையில் முடிந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்நுனி ஒட்சிசன் அளவி ஒன்று வீட்டில் இருந்தது. ஓய்வில் அவருடைய குருதியின் ஒட்சிசன் நிறைவு 98 வீதம். முகமூடியை மிக இறுக்கமான நிலையில் வைத்து 6 ஓட்டங்கள் ஓடியபின் 96. முகமூடி இல்லாமல் ஓடியபோதும் 96. அது காற்று உள்ளே வரும் வழியைத்தான் குறுக்குகிறது; உள்ளே வரும் காற்று அதே காற்றுத்தான். மூச்சிழுக்கும் தசைகளுக்கு ஏதோ வேலை கிடைக்கலாம், மலை கிடைக்காது. அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. காசு கொடுத்து வாங்கியது அல்லவா.

மூச்சடக்கும் முறையைத் தேர்ந்தது ஏன்?

இந்த முறையில் சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, நுரையீரல் பாதி காலியான நிலையில் அடக்கி, 40 மீற்றரை ஓடி முடிப்பார்கள். முடிந்ததும் மிச்சத்தையும் ஊதிவிட்டு மூச்சிழுப்பார்கள். முழு மூச்சை இழுத்து அடக்கினால் 5 விநாடியில் குருதி ஒட்சிசன் அசையாது. பாதி காலியாக்கிச் செய்தால் தொடர் ஓட்டங்களில் நன்றாக இறங்கும். றக்பி வீரர்கள் 21 பேரை வைத்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வாரங்களில் 7 அமர்வுகள் இப்படிச் செய்தவர்கள் 40 மீற்றர் ஓட்டங்களை 9 அளவிலிருந்து 15 அளவுக்குக் கூட்டியிருந்தார்கள். சாதாரணமாக மூச்சுவிட்டு ஓடியவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

செலவில்லை, கருவியில்லை, மைதானம் போதும். போதாததற்கு எங்கள் ஆள் மூச்சடக்குவதில் கெட்டிக்காரர். இதைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குள்தான் பிழை இருந்தது. அப்போது எனக்கு அது நல்ல நியாயமாகப் பட்டது.

தொடங்குமுன் மருத்துவப் பரிசோதனை செய்யவில்லை. ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஏதாவது உண்டா என்று வாயால் கேட்டேன். இல்லை என்றார்.

முதல் நான்கு அமர்வுகள்

வாரம் இரண்டு நாள். 40 மீற்றர் 6 ஓட்டம், 30 விநாடிக்கு ஒன்று. 3 நிமிட ஓய்வு. இப்படி இரண்டு சுற்று, பிறகு மூன்று. ஒப்பீட்டு வீரர் அதே ஓட்டங்களைத் தன் பாட்டில் மூச்சுவிட்டு ஓடினார். வெயில் தாழ்ந்தபின் ஐந்தரை மணிக்குத் தொடங்குவோம்.

முதல் நாள் இருவரும் சிரித்தார்கள். மூன்றாவது ஓட்டத்தோடு நம்முடைய ஆளின் சிரிப்பு நின்றது. சுற்று முடிந்ததும் விரலில் அளவியை மாட்டினால் முதலில் 93 காட்டும், அப்புறம் மெல்ல இறங்கி 88, ஒருமுறை 86 வரை போகும், பிறகு ஏறும். நுரையீரலில் நடப்பது விரலுக்கு வந்துசேர அரை நிமிடம் வரை பிடிக்கும் என்பதால் இந்தத் தாமதம். ஓடி முடித்தவுடன் பார்த்துவிட்டு, “ஒன்றும் இறங்கவில்லையே” என்று எழுதிவைக்கக் கூடாது. கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக்காட்டவும் கூடும். 86 என்று காட்டினால் அதற்கும் கீழே இருக்கலாம்.

தலையிடி ஒருமுறை வந்தது, ஒரு மணிநேரத்தில் போய்விட்டது. மயக்கம் இல்லை. நான்காவது அமர்வில் கடைசிச் சுற்றிலும் நேரம் 6 விநாடிக்குக் கீழே நின்றது. எனக்கு மகிழ்ச்சி. அடுத்த வாரம் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்காக நான் வெளியூர் போகவேண்டியிருந்தது. “ஒரு அமர்வை நீயே செய்துகொள் தம்பி” என்று பயிற்சி முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளில் ஓட்டம், நேரம், ஓய்வு எல்லாம் இருந்தது. எங்கே செய்யவேண்டும் என்பது இல்லை.

மூன்றாம் வாரம், கடலில்

அன்று மைதானத்தில் வேறு நிகழ்ச்சி. இடம் கிடைக்கவில்லை. அவர் உப்புவெளிப் பக்கம் கடலுக்குப் போனார். ஆனியில் எங்கள் கடல் குளம்போல் கிடக்கும். ஓடுவதற்குப் பதில் நீந்துவோம், அதே முறைதானே என்று நினைத்திருக்கிறார். கரையில் அவருடைய தம்பி, வயது 12.

அவர் பின்னர் சொன்னது இது. கழுத்தளவு தண்ணீரில் நின்று, சுழியோடும்போது செய்வதுபோலப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டிருக்கிறார். அப்புறம் நான் சொல்லிக்கொடுத்தபடி பாதியை வெளியே விட்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து முழுவேகத்தில் நீந்தியிருக்கிறார். நின்று மூச்செடுத்து, திரும்பவும். மூச்சு முட்டவே இல்லையாம். “நல்லா இருந்தது சேர், அதான் இன்னும் கொஞ்சத் தூரம் போனன்.” நான்காவதா ஐந்தாவதா என்று அவருக்கு நினைவில்லை. அதற்குப்பின் நினைவில் இருப்பது மணலில் கிடந்ததுதான்.

தம்பி முதலில் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். கரைவலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். வெளியே வந்தவுடன் இருமி மூச்செடுத்தார். ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுப் படமும் இதயத் துடிப்புப் பதிவும் எடுத்து, தண்ணீர் உள்ளே போயிருந்தால் பல மணிநேரம் கழித்தும் நுரையீரல் பாதிக்கப்படலாம் என்று ஒருநாள் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போனேன். தாயார் பிளேன்ரீ தந்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார், “நீங்கதான் மூச்சை அடக்கச் சொன்னீங்களாம், என்ன சேர்?” ஆம் என்றேன்.

ஏன் மூச்சு முட்டவில்லை?

மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் தருவது ஒட்சிசன் குறைவு அல்ல. குருதியில் சேரும் காபனீரொட்சைட்டு. பத்துத் தடவை ஆழமாக மூச்சை இழுத்து விடுவதால் ஒட்சிசன் பெரிதாகக் கூடாது, குருதி ஏற்கெனவே நிறைந்துதான் இருக்கிறது. காபனீரொட்சைட்டு மட்டும் வெளியே போய்விடும். எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

முழு மூச்சோடு சுழியோடும் ஒருவரின் நுரையீரலில் ஏறக்குறைய 6 லீற்றர் காற்று இருக்கும். சாதாரணமாக மூச்சுவிட்டபின் மிஞ்சுவது அதில் பாதிகூட இல்லை, இரண்டரை லீற்றர் அளவு. அந்தச் சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு முழுவேகத்தில் கைகாலை அடித்தால் ஒட்சிசன் மளமளவென்று தீரும். மணி அடிக்குமுன்னமே மூளைக்குப் போகும் ஒட்சிசன் போதாமல் நினைவு தப்பும். முன்னறிகுறி எதுவும் தெரியாமலே போகலாம். ஆழம் தேவையில்லை, கழுத்தளவு போதும்.

தரையில் இதே மயக்கம் வந்தால் விழுந்து முட்டி உராயும், உடல் தானாக மூச்செடுக்கும், எழும்பிவிடுவார். தண்ணீரில் அந்தத் தானாக எடுக்கும் மூச்சுத்தான் ஆளைக் கொல்லும்.

நான் கொடுத்த முறையில் முன்கூட்டி ஆழமாக மூச்சுவிடுவது இல்லை. அது தகப்பனிடம் கற்றது. இரண்டு வித்தைகளும் தனித்தனியே இருந்தவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒன்றுசேரக்கூடிய ஒரே ஆள் எங்கள் கழகத்தில் அவர்தான் என்பதும், அதனாலேயே அவரைத் தேர்ந்தேன் என்பதும் அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதுதான் உறைத்தது.

அதன்பின் எடுத்த முடிவுகள்

மூச்சடக்கும் பயிற்சியை நிறுத்தினேன். தரையில் தொடர்வதற்கு மருத்துவர் தடை சொல்லவில்லை; வீரரும் தொடர விரும்பினார். ஆனாலும் ஏழு அமர்வுகளில் மிச்சமிருந்த மூன்றையும் சாதாரண மூச்சோடு ஓடவைத்தேன். அறிவியல் காரணம் என்று ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்கு இன்னொரு முறை அப்படிப் போக எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

12 நாள் இடைவெளிக்குப் பின் மைதானத்துக்கு வந்தார். பழைய குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது அடிக்கோட்டோடு அந்த எடைக் கணக்கு கண்ணில் பட்டது. காலையில் என்ன சாப்பிடுகிறீர், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர் என்று அப்போதுதான் கேட்டேன். போட்டி நாட்களிலும் விடியற்காலை நான்கு மணிக்குத் தகப்பனோடு வள்ளத்தில் போகிறார். வெயில் ஏறியபின் கரைக்கு வருகிறார். ஒரு பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பாணும். அப்புறம் மத்தியானம் சோறு, மூன்றரைக்கு மைதானம். வறண்டுபோன உடம்போடு போட்டியைத் தொடங்கி, கச்சானில் இன்னும் ஒன்றரை லீற்றரை இழக்கும் ஒருவர் 60ஆவது நிமிடத்தில் நிற்பதில் மர்மம் என்ன இருக்கிறது?

போட்டி நாளில் கடலுக்குப் போவதில்லை என்று தகப்பன் ஒத்துக்கொண்டார். உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் ஒரு போத்தல் முற்பகலில், இன்னொன்று இடைவேளையில். சோறும் மூன்று மணிநேரத்துக்கு முன்னரே.

கடைசி அளவீடு

கடைசி அமர்வுக்கு ஒரு வாரம் கழித்துப் பழைய சோதனையைத் திரும்ப வைத்தேன். அவர் 11 ஓட்டங்கள். 8இலிருந்து மூன்று கூடியிருக்கிறது. மூச்சடக்காமலே 7 அமர்வுகளையும் முடித்த ஒப்பீட்டு வீரர் 12. 9இலிருந்து அவருக்கும் அதே மூன்று.

நான்கு அமர்வு மூச்சடக்கல், இடையில் ஒரு விபத்து, 12 நாள் ஓய்வு, புதிய உணவுமுறை. இவற்றைக் கலந்து வந்த ஓர் எண்ணிலிருந்து மூச்சடக்கல் உதவாது என்று சொல்லமுடியாது. உதவியது என்றும் சொல்லமுடியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது முழுவேகக் குறுகிய ஓட்டமும் குறுகிய ஓய்வும்தான். அதுவரை எங்கள் கழகத்தில் உடற்றகுதிப் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று மெதுவாக ஓடுவது. அந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு வேகத்தை மீட்டெடுக்கும் திறன் வரவில்லையே என்று நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

ஆடி மாதம் இரண்டு போட்டிகளில் கடைசிவரை விளையாடினார். ஒன்றில் 80ஆவது நிமிடத்துக்குப் பிறகு அவர் உள்ளே அனுப்பிய பந்தில் கோல் விழுந்தது. அது தேசிக்காய்த் தண்ணீருக்கா ஓட்டத்துக்கா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இனி மாற்றுபவை

சாதாரண வேக ஓட்டப் பயிற்சியையே ஆறு வாரமாவது ஒழுங்காகச் செய்யாத எவருக்கும் ஒட்சிசன் குறைக்கும் பேச்சே கிடையாது. இருக்கும் காற்றில் ஓடிக் கிடைக்கும் முன்னேற்றத்தை முதலில் எடுத்து முடிக்கவேண்டும். நீரிழப்பு, தூக்கம், சாப்பாடு, தேவைப்பட்டால் குருதியில் இரும்பின் அளவு, இவற்றையெல்லாம் பார்த்தபின்னரும் தேவை என்று பட்டால் மட்டும் மூச்சடக்கும் ஓட்டம். அதற்கும் மருத்துவர் பார்த்த பின்னர்தான். நான் மைதானத்தில் நின்றால்தான். வீட்டுக்குத் தாள் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

தண்ணீரில் ஒருபோதும் இல்லை என்பதை வாயால் சொல்வதோடு விடாமல், ஏன் என்றும் விளக்குகிறேன். முக்கியமாக அந்த ஆழ்ந்த மூச்சுகளைப் பற்றி. இந்த விளக்கத்தைக் கேட்ட தகப்பன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னோடு சுழியோடிய ஒருவர் பல வருடங்களுக்கு முன் ஆழமில்லாத இடத்தில் சத்தமில்லாமல் போய்விட்டதைச் சொன்னார். மாரடைப்பு என்று எல்லாரும் நினைத்தார்களாம்.

கழகத்தில் சேருவோர் நிரப்பும் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: கடலில் மூச்சடக்கிச் சுழியோடும் பழக்கம் உண்டா? இந்தப் பருவத்தில் சேர்ந்த 14 பேரில் 5 பேர் ஆம் என்று எழுதியிருக்கிறார்கள்.